வழி கிடைத்த பிறகு வந்த படிப்பு

ஒரகடம் கூட்ரோட்டில் நின்று எந்த மின்கம்பத்தைப் பார்த்தாலும் ஒரு ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, எனி டிகிரி. பஸ் வசதி உண்டு, கேன்டீன் உண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. அந்தப் பட்டியல் பத்தாவதில்தான் தொடங்கும். அதற்குக் கீழே படித்தவர்களுக்கு யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை. ஆள் மூலமாக ஆள் சொல்லி, காண்ட்ராக்டரிடம் போய் நின்று சேர்வோம். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், லோடிங், தோட்ட வேலை. நானும் அப்படித்தான் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனுக்கு வந்தேன். அப்போது என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றிருந்தது.

இந்தப் பக்கத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம் ஒரகடம். 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் அதற்கு முன்பே, 2006-ல், நோக்கியா வந்துவிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்த காலம் அது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. என் சித்தி மகள் அந்த வளாகத்தில்தான் வேலையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் முதலில் தேடி எடுத்தது பிளஸ் டூ மார்க் ஷீட்டை. அதை வைத்துத்தான் அடுத்த வேலைக்குப் போனாள். கம்பெனி போனாலும் மார்க் ஷீட் கூட வரும் என்பது எனக்கு அன்றே மனதில் விழுந்துவிட்டது. அதைச் செயலாக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அது ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

என் ஊர் உத்திரமேரூர் பக்கம். எட்டாவது வரை ஊரிலேயே பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போகணும். காலையில் ஒரு பஸ், பள்ளி விட்டு இருட்டுகிற நேரத்துக்கு ஒரு பஸ். அந்தச் சாயங்கால பஸ் பாதி நாள் வராது. வராத நாளில் கரும்புக் கொல்லை ஓரமாகவே நடந்து வீடு வந்து சேரணும். ஒரு நாள் ரொம்ப இருட்டிவிட்டது. அப்பா டார்ச் லைட்டோடு எதிரில் வந்தார். திட்டவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு, “போதும்மா, நாளையிலேருந்து போவேணாம்” என்றார். அவ்வளவுதான்.

பத்தாவது தனித்தேர்வு எழுதலாம் என்று முடிவெடுத்தபோது மாற்றுச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காகப் பழைய பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து, சேர்க்கை நீக்கப் பதிவேட்டை எடுத்து விரித்தார். ஓரமெல்லாம் செல்லரித்த பெரிய நோட்டு. ஊதா மையில் என் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. கடைசிக் கட்டத்தில், பள்ளியை விட்டு நீங்கிய காரணம்: ‘நீண்ட நாள் வருகையின்மை’. அந்த வரியை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வராமல் போனது நான் என்றுதான் அதில் இருக்கிறது. பஸ் வரவில்லை என்று எழுத அந்த நோட்டில் கட்டமே இல்லை.

பஸ் என்பது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு சேர்கிற பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஒன்பதாவதில் சேர்கிற பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. அதிலும் உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அதாவது அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை முன்னாடியே இருந்தது. இடையில் இருந்த தூரம்தான் தடையாக நின்றது.

இதை எனக்கு ஆராய்ச்சி சொல்வதற்கு முன்பே என் அத்தை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அவர் ஒரகடத்திலிருந்து கார் ஏற்றிப் போகிற டிரெய்லர் ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். அதனால் பள்ளி லீவுக்கு நானும் பிள்ளையும் மட்டும் பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போவோம். ஒரு மே மாதம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அறிவொளி இயக்கக் கதை முழுசாக வந்தது.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பகலெல்லாம் வயல் வேலை, கல் உடைக்கிற வேலை பார்த்த பெண்கள் ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுதப் படித்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று இயக்கம் முடிவு செய்தது. அதுதான் அந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பெண்கள் ஆம்பளை சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். அதில் ஒரு வசதியும் இருந்தது: முன்னால் இருக்கிற கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

அப்படி உட்கார்ந்து போன பிள்ளைகளில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

அத்தை சொன்னார்: “எழுத்து வந்த மாசமே சைக்கிளும் வந்துச்சு ஆத்தா. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு. எழுத்து மட்டும் வந்திருந்தா வீட்டுக்குள்ளயே வச்சு மறந்திருப்பேன். சைக்கிள் இருந்ததால சந்தைக்குப் போனேன், பேங்குக்குப் போனேன், போன எடத்துல எல்லாம் படிக்க வேண்டியிருந்துச்சு.”

எனக்குள் கலங்கிக் கிடந்ததெல்லாம் அந்தப் பேச்சில்தான் தெளிந்தது. படிப்பையும் போக்குவரத்தையும் நாம் தனித்தனியாக வைத்துப் பேசுகிறோம். பெண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தனியாகப் போய்வர வழி இருக்கிறவளுக்குப் படிக்கவும் வழி இருக்கிறது.

எனக்கு அந்த வழி 2021 மே மாதம் வந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தது. மிச்சமாகிற காசைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். காசு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: போவதற்கு யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை, கேட்காதபோது காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை செய்முறை வகுப்புக்கு நான் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால், மாதக் கடைசியில் இரண்டு வகுப்பை நிச்சயம் விட்டிருப்பேன்.

செய்முறை வகுப்பு என்று சொன்னேனே, அது பலருக்குத் தெரியாது. பத்தாவது நேரடித் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். ஒதுக்குகிற பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் பத்தாவது பாஸ் ஆகிவிடலாம் என்று நினைத்துப் பதியாமல் விட்டு, ஒரு வருடத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கான அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதம் முன்னாடியே வந்துவிடும். கவனமாக இருங்கள்.

அந்த வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். என்னோடு ஒரு மெக்கானிக் தம்பி, ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா, கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு வருகிற ஒரு பெண். முதல் நாளில் ஆசிரியை நீலமாக ஒரு உப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. “மயில்துத்தம் டீச்சர், எங்கப்பா சுண்ணாம்போட கலந்து செடிக்கு அடிப்பாரு” என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டு, “அதேதான். இதுக்குள்ள தண்ணி இருக்கு, பார்க்கலாமா?” என்று சோதனைக் குழாயைத் தீயில் காட்டினார். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடியாகிவிட்டது. குழாயின் மேல்பக்கம் நீர்த்துளி கட்டியது. ஆறவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். மறுபடி நீலம். அந்த உப்பின் ஒரு மூலக்கூறோடு ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கிறது, சூட்டில் அது போய்விடுகிறது, அதனால் நிறம் போகிறது. சின்ன வயதிலிருந்து வீட்டுத் தாழ்வாரத்தில் காகிதப் பொட்டலத்தில் பார்த்த சாமான். அதற்குள் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற தூய்மைப் பணியாளர் அக்கா, “இன்னொரு தடவை செய்யுங்க டீச்சர்” என்றார். செய்து காட்டினார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நமக்கு அந்தச் சந்தோஷம் எவ்வளவு தெரியும்? மார்க் எவ்வளவு, ரேங்க் எத்தனை, ஃபீஸ் எப்போது என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. என் மகன் வீட்டுக்கு வந்தவுடன் நான் கேட்கிற கேள்வியே அதன்பிறகு மாறிவிட்டது. “இன்னிக்கு என்னடா செஞ்சு காட்டினாங்க?” என்று கேட்பேன். அதற்கு அவனிடம் பதில் இருக்கும்.

நான் படித்தது அவனுடைய பழைய புத்தகங்களில். அவன் 2023-ல் பத்தாவது எழுதினான், நான் 2024-ல். கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் அவன் கையெழுத்து. ஒரு கணக்குக்குப் பக்கத்தில் ‘இது கட்டாயம் வரும்’. இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘புரியல, சார்கிட்ட கேக்கணும்’. அதற்குக் கீழே கேட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. முக்கோணவியல் பாடத்தில் ஏற்றக் கோணம் வருகிற இடத்தில் ஒரு டிரெய்லர் லாரி வரைந்திருந்தான், சக்கரம் சரியாக எண்ணி. அவன் பத்தாவது படித்த அந்த ஒரு வருடம் எனக்கு நைட் ஷிப்ட் அதிகம். அவன் தூங்கும்போது நான் போவேன், அவன் கிளம்பும்போது நான் வருவேன். அந்த வருடம் அவன் எப்படி இருந்தான் என்பதை நான் அந்தப் புத்தகத்தின் ஓரத்தில்தான் படித்தேன். ‘புரியல’ என்று அவன் எழுதியிருந்த கணக்கை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது.

2024 மார்ச் கடைசியில் தேர்வு. காண்ட்ராக்ட் ஆளுக்குத் தேர்வு விடுப்பு என்று ஒன்று கிடையாது. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், அடிக்கடி போட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள். கேன்டீனில் என்னோடு இருந்த பெண்கள் தங்களுக்குள் பேசி, தேர்வு நாட்களில் என் ஷிப்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ஜார்கண்ட் பெண். அவளுக்குத் தமிழ் சரியாக வராது. “பரீட்சை, நீ போ, நான் நிப்பேன்” என்றாள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது நான் முதலில் காட்டியது அவளிடம்தான்.

அந்த மே மாதமே அத்தை ஊரிலிருந்து மகனும் நானும் கீழடிக்குப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து மதுரை, மாட்டுத்தாவணியில் இறங்கி விசாரித்து, திருப்புவனம் பஸ். சமூக அறிவியல் படித்த சூடு எனக்கு ஆறவில்லை. நேரில் பார்த்தே ஆகணும் என்று இருந்தது. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டியிருக்கிறார்கள். தங்கமும் மணியும் இருக்கிற பக்கம் கூட்டம். எனக்குப் பானை ஓடுகள் போதும். உடைந்த ஓட்டில் தமிழி எழுத்தில் கீறிய பெயர்கள். ‘ஆதன்’ என்று ஒன்று. ஒவ்வொரு ஓட்டிலும் எழுத்தின் சாயல் வேறு. பலர் எழுதியிருக்கிறார்கள் என்று தொல்லியல் துறை சொல்கிறது. பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது அந்த இடத்தின் காலக்கணக்கு. தண்ணீர்ப் பானையில் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்கிற அளவுக்கு எழுத்து அன்றாடப் பொருளாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் கீழடியில் கிடைக்கவில்லை, போகிற பஸ்ஸில் கிடைத்தது. வீட்டில் வாயே திறக்காத பையன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடியே பேச ஆரம்பித்தான். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தனக்குப் பிடிக்கவில்லை என்றான். வண்டி, எஞ்சின், அதுதான் வேண்டும் என்றான். அப்பா கோபப்படுவார் என்று சொல்லாமல் வைத்திருந்தானாம். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கும்போது வந்துவிடுகிறது. பெற்றவர்கள் யாராக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பிள்ளையோடு தனியாக ஒரு நீண்ட பஸ் பயணம் போங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

பிளஸ் டூ முடித்தால் நேராக டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்று செய்முறை வகுப்பு மெக்கானிக் தம்பி ஒரு நாள் சொல்லியிருந்தது எனக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னேன். அப்படித்தான் சேர்ந்தான். இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான்.

“இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்காத உறவு இல்லை. எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரியத்துக்கு நிற்கிறவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக் கூடாது. அந்தச் சபையில் பெண்ணுக்கும் நிலமில்லாதவருக்கும் இடமில்லை என்பதை மறந்து நான் அதைப் புகழ மாட்டேன். ஆனால் முப்பத்தைந்து வயதில்தான் ஒருவருக்குப் பொறுப்பே தொடங்குகிறது என்று ஆயிரம் வருடம் முன்னால் ஒரு ஊர் நினைத்தது. நாம் அந்த வயதில் படிப்பை மூட்டை கட்டச் சொல்கிறோம்.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா 2018-ல், தன் 96-ஆவது வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 98 மதிப்பெண் எடுத்தார். கோயில் பெருக்கிப் பிழைத்தவர். அந்தச் செய்தி இன்னமும் வாட்ஸப்பில் சுற்றுகிறது, எனக்கும் பலர் அனுப்பினார்கள். அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் படித்த பெண்ணை அதிசயமாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதிசயம் என்று சொல்லிவிட்டால் மற்ற பெண்களுக்கு வழி செய்து கொடுக்கிற வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

வழி இந்தப் பகுதியில் ஏற்கெனவே பாதி இருக்கிறது. கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் வருகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அவ்வளவு பெண்கள் ஒரே இடத்தில் இருக்கும்போது, அங்கே சாயங்காலத்தில் ஷிப்ட் பார்த்து மாறி மாறி நடக்கிற ஒரு வகுப்பும், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் ஒன்றும் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. ஆசிரியர் வந்தால் போதும், மாணவிகள் அங்கேயே இருக்கிறார்கள்.

அதுவரை நமக்கு நாமேதான். எட்டாவது முடித்தவர் பத்தாவதை நேரடியாக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டிக்கொண்டு நேராகப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பத்தாவது, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, அதன்பிறகு பட்டம் என்ற வரிசையில் இல்லாத பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. நான் அந்த வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இப்போது பிளஸ் டூவுக்குப் படிக்கிறேன்.

லைனில், கேன்டீனில், ஹவுஸ்கீப்பிங்கில் சூப்பர்வைசராக இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் ஒரு பெண் வந்து, “பரீட்சை இருக்குங்க, ஷிப்ட் மாத்திக் குடுங்க” என்று கேட்டால், எதற்கு, எந்த வயதில், என்ன பிரயோஜனம் என்று கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.